ரீஇஷ்யூ: மறுவெளியீடா, மறுபதிவா?

ஏற்கெனவே வந்த இசைத்தட்டை மறுபடி வெளியிடுவதை ஆங்கிலத்தில் ரீஇஷ்யூ என்பார்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் ஃப்யூஷன் (ஜாஸோடு ராக் முதலிய பிற இசைகளைக் கலப்பது) குழுவின் கொலம்பியா இசைத்தட்டுகளை ஒரே பெட்டியில் சேர்த்து 2011இல் வெளியிட்டார்கள். இதுபோன்ற தொகுப்புகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘மறுபதிவு’ என்று போடும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

ஆங்கிலத்து இஷ்யூ, ‘வெளியே போதல்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழில் வெளியிடு, வெளியீடு. சுடு சூடு ஆவதுபோல இடு ஈடு ஆகிறது. முன்னால் ‘மறு’ சேர்த்தால் மறுவெளியீடு. அவ்வளவுதான் விஷயம்.

மறுபதிவு என்றால், கலைஞர்கள் மறுபடி உட்கார்ந்து அதே உருப்படியை வாசித்து, அதைப் புதிதாகப் பதிந்தார்கள் என்று பொருள். ஜான் மெக்லாலின், பில்லி கோபம், யான் ஹாமர், ஜெர்ரி குட்மன், ரிக் லேர்ட் ஆகிய ஐவர் அணி 1973 முடிவோடு கலைந்துவிட்டது. 2011 பெட்டிக்காக யார் போய் வாசித்தார்கள்?

உண்மையான மறுபதிவு இந்தக் குழுவிடமே இருக்கிறது. 1973 ஜூனில் லண்டன் டிரைடன்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் புதிய தட்டுக்காக வாசித்தார்கள். குழுவுக்குள் மனக்கசப்பு முற்றி, அந்தத் தட்டு வராமலே போனது. ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் கச்சேரியில், யான் ஹாமரின் ‘சிஸ்டர் ஆண்ட்ரியா’ உட்பட அதே உருப்படிகளில் சிலவற்றை வாசித்தார்கள். அந்தப் பதிவு அந்த ஆண்டே தட்டாக வந்தது. இதைத் தாராளமாக மறுபதிவு எனலாம். கிடப்பில் கிடந்த டிரைடன்ட் நாடா 1999இல்தான் வெளிவந்தது. அது முதல் வெளியீடு. பிறகு பெட்டிக்குள் போனபோது மறுவெளியீடு. எல்லாவற்றுக்கும் மறுபதிவு என்றே எழுதினால் இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

“மறுபதிப்பு சரியென்றால் மறுபதிவும் சரிதானே, இரண்டுக்கும் வேர் ‘பதி’தானே” என்பார்கள். வேர் ஒன்றுதான். ஆனால் பதிப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. பதிவு ஒலிப்பதிவுக்கூடத்துக்கும் பத்திர ஆபீசுக்கும் போய்விட்டது. புழக்கத்தில் பிரிந்ததை அகராதியை வைத்து ஒட்ட முடியாது. அச்சுலகமும் ஒழுங்கில்லை: ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் அச்சடித்துவிட்டு ‘மறுபதிப்பு’ என்று போடுகிறார்கள். அது மறுஅச்சு.

ரீமாஸ்டருக்கும் சிலர் இதே மறுபதிவைத்தான் போடுகிறார்கள். அது மூலநாடாவிலிருந்து ஒலியை எடுத்து, இரைச்சலைக் குறைத்து, அளவைச் சீராக்கும் வேலை. யாரும் புதிதாக ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்துவதற்குச் செம்பதிப்பு என்ற நல்ல பெயர் இருக்கிறது. அந்த வழியில் இதை ஒலிச்செம்மை என்பேன்.

அப்புறம், ஃப்யூஷனை ‘இணைவு இசை’ என்று எழுதுகிறவர்கள். படித்தால் அணுக்கரு இணைவும் ஹைட்ரஜனும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மெக்லாலின் அடுத்துத் தொடங்கிய சக்தி குழுவில் எல். ஷங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் இருந்தன; அதைக் கேட்கும் நம் ஊர்க்காரர்கள் ஃப்யூஷன் என்றே சொல்கிறார்கள். தமிழில்தான் வேண்டுமென்றால் கலப்பிசை போதும்.