புண்ணாக்கில் பிடித்த பூஞ்சை பாலுக்குள் வரும் கதை

1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துப்போயின. காரணம் பிடிபடாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். துருவிப் பார்த்ததில், தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். சூடும் ஈரமும் சேர்ந்த இடம் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் ஊர் மழைக்காலக் கிடங்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நஞ்சில் மோசமான வகை பி1. மாடு அதைத் தின்றால், கல்லீரல் ஒரு பகுதியை எம்1 ஆக மாற்றுகிறது. ஒரே நாளில் அது பாலில் தெரிய ஆரம்பித்துவிடும். காய்ச்சினாலும் போகாது. அதனால்தான் பாலுக்குக் காவல் போட நினைக்கும் அரசு, தீவன மூட்டையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மாட்டுத்தீவனத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2052. அதன்படி ஒரு கிலோவில் பி1 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. பாலில் எம்1 வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாடு, வரம்பைத் தொட்டு நிற்கும் தீவனத்தை 5 கிலோ தின்கிறது. உள்ளே போவது 100 மைக்ரோகிராம் பி1. அதில் 2 சதவீதம் பாலுக்கு வருகிறது என்று வைத்தால் லிட்டருக்கு 0.2. பரவாயில்லை. தீவனத்தில் 60 இருந்தால்? 0.6, வரம்பு தாண்டிவிட்டது. ஐரோப்பாவில் பாலுக்கு வரம்பு 0.05தான், கறவைத் தீவனத்துக்கு 5. அதே கணக்கைப் போட்டால் 5 மைக்ரோகிராம் தீவனம் சரியாக 0.05-இல் வந்து நிற்கிறது!

ஆய்வகத்தில் அளப்பது இன்று பெரிய வித்தையில்லை. விரைவாகப் பார்க்க எலிசா என்ற சோதனை இருக்கிறது, துல்லியத்துக்கு நஞ்சைத் தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவன ஆய்வகம் உண்டு. சிக்கல் மூட்டையில்தான். பூஞ்சை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. ஈரம் பட்ட மூலையில் கொத்தாகப் பிடிக்கும். மோசமாகக் கெட்ட கடலைப் பருப்பு ஒன்றே ஒன்று, 25 கிலோவை வரம்புக்குக் கொண்டுபோகும் அளவு நஞ்சைச் சுமக்கலாம். மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி அந்த மூலையைத் தவறவிட்டால் சான்றிதழ் சுத்தமாக வரும். அதனால் பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று குத்தி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நைசாக அரைத்து, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுக்க வேண்டும். தவறுகளில் பெரும்பங்கு கருவியில் நடப்பதில்லை, இந்தக் குத்தூசிக் கட்டத்தில்தான் நடக்கிறது.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பால் ஆய்வில், நாடு முழுக்க எடுத்த 6,432 மாதிரிகளில் 368-இல் எம்1 வரம்பு மீறியிருந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 88. இங்கே எடுத்ததே 551 மாதிரிகள்தான். அதன் பிறகுதான் வணிகத் தீவனத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று ஆணையம் சொன்னது. அப்புறம் கெடு தள்ளிக்கொண்டே போனது. பாலுக்குச் சட்டம், தீவனத்துக்கு வேண்டுகோள் என்பது எனக்குத் தலைகீழாகத்தான் படுகிறது.

பூஞ்சை பிடித்த தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 வடிந்துவிடும். பென்டோனைட் போன்ற களிமண்ணைத் தீவனத்தில் கலந்தால் நஞ்சின் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குவது அதைவிட மலிவு.