டேபிள் டாக்: தமிழில் ஆட்டப்பேச்சு

சீட்டாட்டத்தில் ஒரு கை (ஒரு முறை சீட்டுப் பகிர்ந்து ஆடும் ஆட்டம்) நடந்துகொண்டிருக்கும்போது ஆடுவோர் பேசிக்கொள்வதையும், எதிராளியின் சீட்டை அறியவோ அவரைத் தடுமாறச் செய்யவோ கேட்கும் கேள்விகளையும் பணயம் வைத்து ஆடும் போக்கர் என்னும் சீட்டாட்டத்தை ஆடுவோர் ‘டேபிள் டாக்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டு முதல் வழங்கும் இத்தொடர், முதலில் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களின் உரையாடலையே குறித்தது. சீட்டாட்டப் பொருள் பின்னர் ஏறியது. ‘டேபிள்’ என்பதன் மூலம், பலகை என்று பொருள்படும் ‘டாபுலா’ என்னும் இலத்தீன் சொல்.

இதை ‘மேசைப்பேச்சு’ என்று நேரே பெயர்ப்பது நமக்குப் பொருந்தாது. நீலகிரியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆடி மழை விடாத மாலைகளில் ‘இருபத்தெட்டு’ என்னும் சீட்டாட்டம் ஆடுபவர்கள் பாயிலோ கம்பளியிலோதான் உட்காருகிறார்கள். ஆகவே ‘ஆட்டப்பேச்சு’ என்பதே தகும் என்பது என் துணிபு.

இருபத்தெட்டில் எதிரெதிரே அமரும் இருவர் கூட்டாளிகள். மறைத்து வைத்த துருப்பு (மற்ற இனங்களை வெல்லும் இனம்) எந்த இனம் என்பதைக் கூட்டாளிக்குச் சொல்லால் மட்டுமன்றி இருமலாலோ கண்ணாலோ உணர்த்துவதும் கள்ளாட்டம். கூட்டாளிகளாக ஆடும் இன்னொரு சீட்டாட்டமான பிரிட்ஜிலும் அப்படியே, ஆனால் அங்கே எதிரணியினர், சீட்டு இறக்குமுன் கூறிய ஓர் ஏலத்தின் பொருளைக் கேட்டால், ஏலம் கூறியவரின் கூட்டாளி அதை உண்மையாக விளக்கியாக வேண்டும். போக்கரில் ஒவ்வொருவரும் தனியாள். தம் சீட்டைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. இருவர் மட்டும் மிஞ்சிய கையில் பொய் சொல்வதையும் பல இடங்களில் குற்றமாகக் கொள்வதில்லை. எனினும், பலர் ஆட்டத்தில் இருக்கையில் தம் சீட்டைக் காட்டுவதும், விலகியவர் தாம் போட்ட சீட்டைச் சொல்வதும், அடுத்தவருக்கு யோசனை கூறுவதும் போட்டி விதிகளின்படி தண்டனைக்குரியவை.

துருவிக் கேட்பதற்குத் தமிழில் முன்பே அழகான வழக்கு இருக்கிறது: ‘வாயைப் பிடுங்குதல்’. அதில் சிக்கிக்கொள்வது ‘வாய் கொடுத்தல்’. “என்ன அண்ணே, கையில ஜோடி இருக்கும்போல?” என்று கேட்பவருக்கு வேண்டியது பதில் அன்று; குரல் ஏறுகிறதா, சிரிப்பு வலிந்து வருகிறதா, சொல்லத் தாமதமாகிறதா என்பதே. இவ்வாறு தன்னையறியாமல் வெளிப்படுவதை ஆங்கிலத்தில் ‘டெல்’ என்பர். திருக்குறளில் 71, 110 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்குத் தலைப்பாக நிற்கும் ‘குறிப்பறிதல்’ என்பதிலுள்ள ‘குறிப்பு’ அதற்குக் குறைவின்றி ஈடாகும். ஆகையால், சீட்டு நல்லதானாலும் கெட்டதானாலும் ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்பவரும், எக்கேள்விக்கும் வாய் திறவாதவருமே தப்புகிறார்கள். வலுவான கை வந்தால் மட்டும் கலகலப்பாகப் பேசும் பழக்கமுள்ளவரின் மௌனமே எதிராளிக்கு விடையாகிவிடும்.

எதிராளியிடம் எவ்வளவு சிப் (பணயமாக வைக்கும் வில்லை) இருக்கிறது என்று கேட்பதை இவ்வகையில் சேர்க்கலாகாது. அதை ஓரளவு அறிவது கேட்பவரின் உரிமை. சிப்களை எண்ணத்தக்கவாறு அடுக்கி, அதிக மதிப்புள்ளவற்றைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று போட்டி விதிகள் சொல்வது அதனால்தான்.