எல்கேஜி சீட்டுக்குப் போகும் வரிப்பணம்

ஜூன் பிறந்தால் வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் எல்கேஜி பெற்றோர் கூடிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி வந்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மா. கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். புக்ஸ் 4,200, யூனிஃபார்ம் 3,100, ஸ்மார்ட் கிளாஸ் 2,500, இதர 1,800, மொத்தம் 11,600 என்று நீல மையில் எழுதியிருந்தது. சீல் இல்லை, கையெழுத்து இல்லை, பள்ளியின் பெயர்கூட இல்லை.

"ஆர்டிஇ-ல சீட்டு கெடைச்சா ஃப்ரீன்னுதானுங்க சார் சொன்னாங்க? இதக் கட்டலீன்னா புள்ளைய வெளிய உட்கார வெச்சுருவாங்களாங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆர்டிஇ என்பது 2009-ல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம். அதன் 12(1)(சி) பிரிவுப்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணம் கிடையாது. அந்தப் பணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். ஒரு மாணவருக்கு அரசு தன் பள்ளியில் செலவிடும் தொகை, அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இது பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தெரியாமல் அங்கே விண்ணப்பிக்கலாமா என்று கேட்டு அலைகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பாடநூலுக்கும் சீருடைக்கும் பெற்றோரிடம் காசு கேட்கக் கூடாது, அதையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் துண்டுச் சீட்டுகள் நிற்கவில்லை. பள்ளித் தரப்பில் கேட்டால், அரசிடமிருந்து பணம் வர ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகிறது, அதுவரை ஆசிரியர் சம்பளத்துக்கு எங்கே போவது என்கிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அரசு வைத்த பாக்கியைச் செக்கிங் வேலைக்குப் போகும் அம்மாவிடம் வசூலிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

2025-ல் இது உச்சத்துக்குப் போனது. பள்ளிக் கல்விக்காக மாநிலங்களுக்குத் தரும் சமக்ர சிக்ஷா திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்தி வைக்க, மாநிலத்தில் ஆர்டிஇ சேர்க்கையே நடக்கவில்லை. அந்த நிதியை மற்ற விவகாரங்களோடு முடிச்சுப் போடக் கூடாது என்று ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் கடன் வாங்கி ஃபீஸ் கட்டிச் சேர்த்தவர்கள் எத்தனை பேர்!

சரி, வரிப்பணத்தைத் தனியார் பள்ளிக்குக் கொடுக்கலாமா? அரசுப் பள்ளி ஆசிரியர் நண்பர்கள் என்னிடம் கோபமாகவே கேட்பார்கள்: அந்தப் பணத்தில் எங்கள் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டலாமே, நீங்கள் எங்கள் பிள்ளைகளை அள்ளிக் கொடுக்கிறீர்களே என்று. கர்நாடகம் 2018 இறுதியில் விதியைத் திருத்தி, அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியாரில் இந்த ஒதுக்கீடு கிடையாது என்றது. மகாராஷ்டிரம் 2024-ல் அதே வழியில் போக, பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதுதான் இந்தப் பிரிவின் நோக்கம். அதை நான் மதிக்கிறேன், விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

ஆனால் என் மேசைக்கு எதிரே உட்காரும் பெற்றோரில் பெரும்பாலோர் தனியார் பள்ளியைத் தேடிப் போனதற்குக் காரணம் வேறு. பிள்ளைக்கு மூன்று வயது முடிகிறது, தனியாரில் எல்கேஜி இருக்கிறது. பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புதான் தொடக்கம். 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். மாநிலம் முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேல் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் இருக்கும்போது அது எந்த மூலைக்கு? மூன்று வயதில் வேனில் ஏறிப் பழகிய பிள்ளையை ஐந்து வயதில் கூட்டி வந்து அரசுப் பள்ளியில் விட யாருக்கும் மனம் வருவதில்லை. எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் மழலையர் வகுப்பைத் திறக்காமல் ஒதுக்கீட்டை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அதுவரை, சீட்டு கிடைத்த பெற்றோர் செய்ய வேண்டியது உண்டு. துண்டுச் சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பள்ளியின் பெயர் அச்சிட்ட ரசீது கேளுங்கள். பாதி வசூல் அங்கேயே நின்றுவிடுகிறது. கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு என்ன கட்டணம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகார் என்னைப் போன்றவர்களுக்கு எதற்கும் உதவாது. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது.

அந்த அம்மா ரசீது கேட்டார். மூன்று நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது: "இப்போதைக்கு ஒண்ணும் கட்ட வேண்டாங்கம்மா."

இந்த மாதம் திரும்பவும் வந்தார், இரண்டாவது பையனுக்கு. அவர் தெருமுனையிலேயே அரசுத் தொடக்கப் பள்ளி. புதுச் சுவர், நல்ல டீச்சர், காலைச் சாப்பாடு, எல்லாம் அவரே சொன்னார். "அங்கயே சேத்தோணும்னுதானுங்க சார் போனேன். அஞ்சு வயசானதும் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. நான் கம்பெனிக்குப் போயிட்டா ரெண்டு வருசம் இவன யாருங்க பாத்துக்கறது?"

வருமானச் சான்று, பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றையும் கவரில் போட்டுத் தயாராகக் கொண்டு வந்திருந்தார்.