பொதுக் கணினியில் யாருக்கு எவ்வளவு உரிமை? பணியிடப் பயன்பாட்டு விதி ஒரு விளக்கம்

பணியிடத்தில் பலர் மாறி மாறி உட்காரும் கணினிக்கான பயன்பாட்டு விதி, ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான உரிமையை மட்டும் கொடுத்தால் போதும் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. கணினி அறிவியலாளர்களான சால்ட்சர், ஷ்ரோடர் ஆகியோர் 1975இல் கணினிப் பாதுகாப்புக்கு வகுத்துக் கூறிய கொள்கைகளில் இதுவும் ஒன்று. ஊழியர் மீது சந்தேகம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒருவர் தவறுதலாகத் திறந்துவிட்ட கோப்பால் வரும் கேடு, அவருடைய கணக்கோடு நின்றுபோக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

விண்டோஸில் நிர்வாகி கணக்கு, சாதாரணக் கணக்கு என இரண்டு உண்டு. சாதாரணக் கணக்கில் நுழைபவர் நிறுவப்பட்டுள்ள மென்பொருள்களை இயக்கலாம், அச்செடுக்கலாம், தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸ் கோப்புறையிலோ புரோகிராம் ஃபைல்ஸிலோ எதையும் எழுத முடியாது, பிறருடைய கோப்புகளைத் திறக்கவும் முடியாது. நேர மண்டலத்தை மாற்ற அவருக்கு அனுமதி உண்டு, கடிகாரத்தை மாற்ற அனுமதி இல்லை. பதிவேடுகளில் விழும் நேரத்தை யாரும் திருத்திவிடக் கூடாதல்லவா? எனவே விதியின் முதல் படி, ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாதாரணக் கணக்கு. பத்துப் பேருக்கு ஒரே கடவுச்சொல் என்றால், யார் என்ன செய்தார் என்று பின்னர் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

பல இடங்களில் இதைச் செய்யாமல், ஐகான்களை மறைப்பதையே கட்டுப்பாடு என்று எண்ணிக்கொள்கிறார்கள். விண்டோஸின் கட்டுப்பாடுகளை ஒரே இடத்தில் அமைக்க உதவும் குரூப் பாலிசியில் சி டிரைவை மறைத்தால் அதன் படம்தான் மறையும். முகவரியைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவருக்கு அந்த டிரைவ் அங்கேயேதான் இருக்கிறது.

சாதாரணக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. நிர்வாகி அனுமதி கேட்காமல், பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் மென்பொருள்கள் இன்று ஏராளம். குரோம் உலாவியையே அப்படி நிறுவ முடியும். இதை அடைக்கத்தான் விண்டோஸ் 7 உடன், 2009இல், எந்த நிரல் இயங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஆப்லாக்கர் வந்தது. அதன் இயல்பு விதிகளின்படி, சாதாரணப் பயனர் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய இரண்டு இடங்களில் உள்ள நிரல்களை மட்டுமே இயக்கலாம். எழுத முடிந்த இடத்திலிருந்து இயக்க முடியாது, இயக்க முடிந்த இடத்தில் எழுத முடியாது என்பதே இதன் சூட்சுமம். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் டெம்ப் போன்ற சில உட்கோப்புறைகளில் சாதாரணப் பயனரும் எழுத முடியும் என்பதால், அவற்றை மட்டும் இந்த அனுமதியிலிருந்து விலக்கிவிட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே தடை போடாமல், சில வாரங்கள், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் தணிக்கை நிலையில் வைத்து, எவையெல்லாம் தடைபட்டிருக்கும் என்பதை விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பார்த்துக்கொள்வது நல்லது. கணக்குப் பிரிவினர் மாதக் கடைசியில் மட்டும் திறக்கும் நிரல் ஒன்று அப்போதுதான் கண்ணில் படும்.

பென்டிரைவைப் பொறுத்தவரை, படிக்க விட்டு, அதிலிருந்து நிரல் இயக்குவதை மட்டும் தடுக்கும் அமைப்பு குரூப் பாலிசியிலேயே இருக்கிறது. 2008இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர், பென்டிரைவ் வழியாகவும் பரவிய புழு (தானே பரவும் தீய நிரல்) என்பது நினைவிருக்கலாம்.

குரூப் பாலிசியைக் கையாளுபவருக்கு ஓர் எச்சரிக்கை. கணினிக்குப் பொதுவான பயனர் கொள்கை நிர்வாகியையும் கட்டுப்படுத்தும். கண்ட்ரோல் பேனலை அப்படி முடக்கிவிட்டு, அதைத் திறக்க முடியாமல் நானே அரை நாள் திருதிருவென விழித்திருக்கிறேன். விண்டோஸ் விஸ்டா முதல் 'நிர்வாகி அல்லாதோர்' என்று தனிக் கொள்கை எழுத வசதி உண்டு. அதையே பயன்படுத்த வேண்டும். விண்டோஸின் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசியை அமைக்கும் இந்தக் கொள்கைத் திருத்தி கிடையாது என்பதால், அலுவலகத்துக்கு புரோ பதிப்பாவது தேவைப்படும்.

புதிய மென்பொருள் தேவைப்படும் ஊழியர் யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். அது எழுதப்படாத அலுவலகத்தில், நிர்வாகி கடவுச்சொல் சீக்கிரமே மானிட்டரின் ஓரத்தில் துண்டுச்சீட்டாக ஒட்டப்பட்டிருக்கும்.