ஃபினிஷ்: எல்லை தொடல்

எஞ்சின் துணையின்றிப் பறக்கும் கிளைடர்களின் பந்தயத்தில், போட்டியாளரின் நேரக்கணக்கு நிற்கும் இடத்தை ‘ஃபினிஷ்’ என்கிறார்கள். இதை ‘முடிவு’ என்று தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நேரக்கணக்கு முடிந்த பிறகும் தரையிறங்கும் வேலை முழுவதும் மிச்சமிருக்கிறது.

இச்சொல்லின் வேரான ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு எல்லை, முடிவு என இரு பொருளும் உண்டு. முதற்பொருளை எடுத்துக்கொண்டு ‘எல்லை தொடல்’ என்றே வழங்கலாம். 1956-இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்தாருக்கு எல்லை என்ற சொல்லின் கனத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குளச்சல் பக்கத்து மணற்கரையில் கட்டுமரம் திரும்பும் வேளையை நினைத்துப் பாருங்கள். அலை உடையும் இடத்துக்கு வெளியே அது சற்று நிதானிக்கும். பெரிய அலைகள் இரண்டு மூன்றைப் போகவிட்டு, தணிந்த அலை பார்த்துத்தான் உள்ளே துடுப்புப் போடுவார்கள். கரையை நெருங்குவது வேறு, கரையேறுவது வேறு.

முன்பு பல போட்டிகளில் எல்லைக்கோடு விமானத் தளத்திலேயே இருந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் தரையை ஒட்டி அதைக் கடப்பவர், வேகத்தை 100-ஆகக் குறைத்து மேலெழும்பினால், காற்றின் இழுவையைத் தள்ளிவிட்டுக் கணக்கிட, ஏறத்தாழ 118 மீட்டர் உயரம் பெறுவார்; அதைக்கொண்டு வட்டமடித்து இறங்கிவிடலாம். உயரமும் வேகமும் தீர்ந்த நிலையில் வந்து சேர்பவருக்கு அந்த வழியில்லை. இன்னும் சிறிது தூரம்தானே என்று இழுத்துக்கொண்டு வந்து, தளத்துக்கு முன்னாலுள்ள மரத்திலோ வேலியிலோ மோதும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதனால்தான் தளத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் ஆரத்தில் ‘எல்லை வட்டம்’ வரைந்து, அதைத் தொடும்போது இருக்க வேண்டிய குறைந்தபட்ச ‘எல்லை உயரத்தையும்’ விதிக்கிறார்கள். அதற்குத் தாழ்ந்து வருபவர் புள்ளிகளை இழப்பார். ஆயினும் வட்டத்தின் விளிம்பில் உயரத்தை எட்டுவதற்காகத் திடீரென மேலிழுத்து, வேகமிழந்து, பின்னால் வருபவரின் பாதையில் நிற்பவர்களும் உண்டு. எனவே உயரக் கையிருப்பை வெகு முன்னரே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும் கிளைடர், அசையாக் காற்றில் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர் செல்லும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிப்பது போன்ற காற்று எதிரே வந்தால் அந்தத் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

‘தரையிறக்கம்’ என்ற சொல்லை, வயிற்றடிச் சக்கரம் மண்ணைத் தொடும் செயலுக்கே விட்டுவைப்போம்.