கிளர்வுற்ற ஓசோனின் அகச்சிவப்பு உமிழ்வு

நடு வளிமண்டலத்தில் புதிதாக உருவாகும் ஓசோன் மூலக்கூறு, மிகை ஆற்றலோடுதான் பிறக்கிறது. அந்த ஆற்றல் கண்ணுக்குப் புலப்படாத கதிராக வெளியேறுவதே இந்த உமிழ்வு.

தலைப்பிலுள்ள தொடரின் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஓசோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'மணம் வீசு' என்ற பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து, அதன் நெடியை வைத்து வேதியியலாளர் ஷோன்பைன் 1840-இல் இட்ட பெயர். தமிழாக்கம் தேவையில்லை. அகச்சிவப்பு, 1800-இல் வானியலாளர் ஹெர்ஷல் வெப்பமானி கொண்டு கண்டறிந்த கதிர். 'இன்ஃப்ரா' என்றால் லத்தீனில் 'கீழே'. இலங்கை வழக்கான 'செந்நிறக்கீழ்' மூலத்துக்கு நெருக்கம்தான். ஆனாலும் புற ஊதாவுக்கு இணையாக வந்த அகச்சிவப்பு இங்கே வேரூன்றிவிட்டது.

இந்தத் தொடரின் உயிர் 'கிளர்வுற்ற' என்பதில் இருக்கிறது. மிகை ஆற்றல் பெற்ற நிலையைக் குறிக்கும் ஆங்கில 'excited' என்பதற்கு ஈடான சொல் இது. சிலர் 'கிளர்ச்சியுற்ற' என்று எழுதுகிறார்கள். படித்தால் ஓசோன் போராட்டத்தில் இறங்கியதுபோல் இருக்கிறது. 'கிளர்' என்பதற்கு மேலெழுதல், ஒளிவிடுதல் என இரு பொருளும் உண்டு. 'கிளரொளி' பழைய சொல். இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்?

சரி, ஏன் கிளர்கிறது? ஓர் ஆக்சிஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேரும்போது சுமார் 1.05 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) ஆற்றல் வெளிப்படுகிறது. அருகிலுள்ள மூன்றாவது மூலக்கூறு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியில் புது ஓசோன் அதிர்ந்துகொண்டிருக்கும். ஓசோனின் முக்கிய அகச்சிவப்புப் பட்டை 9.6 மைக்ரோமீட்டரில் உள்ளது. அந்த அலைநீளத்தில் ஓர் ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 0.13 எலக்ட்ரான் வோல்ட்தான். தாழ்வான உயரங்களில் அடிக்கடி நேரும் மோதல்கள் இந்த அதிர்வை அடக்கிவிடும். மேலே இடை மண்டலத்தில் (மீசோஸ்பியர்) காற்று மெலிந்து மோதல் அரிதாவதால், ஆற்றலில் ஒரு பகுதி கதிராக வெளியேற வழி பிறக்கிறது. தரையிலிருந்தும் கீழ்க் காற்றிலிருந்தும் வரும் கதிரை உறிஞ்சியும் ஓசோன் கிளர்வதுண்டு.

ஆகவே அங்கே காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்து உமிழ்வைக் கணக்கிட்டால், ஓசோன் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். 2001-இல் ஏவப்பட்ட நாசாவின் டைம்ட் (TIMED) செயற்கைக்கோளின் சேபர் கருவி 9.6 மைக்ரோமீட்டர் உமிழ்வை அளக்கிறது. அதிலிருந்து ஓசோன் அளவைப் பெறும் கணக்கில் இந்தக் கிளர்வையும் சேர்த்தாக வேண்டும்.

'இடை வளிமண்டலம்' என்று எழுதினால் இடை மண்டலத்தோடு குழம்பும். அடுக்கு மண்டலமும் (ஸ்ட்ராடோஸ்பியர்) அதற்கு மேலுள்ள இடை மண்டலமும் சேர்ந்த பகுதிக்கு 'நடு வளிமண்டலம்' நல்லது. அப்புறம், ஹைட்ராக்சில் (OH) மூலக்கூறு வெளியிடும் ஒளிர்வையும் இதனோடு கலக்கக் கூடாது. ஹைட்ரஜன் அணு ஓசோனோடு வினைபுரிவதால் அது எழுகிறது என்றாலும், அங்கே ஒளிர்வது ஓசோன் அல்ல.