வாக்கி டாக்கியில் அலைவரிசை பிடிக்கவில்லையா? செட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

"நம்பரைத் தட்டினா ஏறவே மாட்டேங்குது." "போட்டது ஒண்ணு, காட்டுறது ஒண்ணு." "அவர் பேசுறது கேக்குது, நான் பேசுறது போகல." மலிவு விலை வாக்கி டாக்கியுடன் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் சொல்வது இந்த மூன்றில் ஒன்றுதான். பல நேரங்களில் செட்டைத் திறக்க வேண்டிய வேலையே இருக்காது. மெனுவில் ஏதோ ஓர் அமைப்பு மாறிக் கிடக்கும்.

எண் ஏறவில்லை என்றால், செட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பாவோஃபெங் யுவி-5ஆர் போன்றவற்றில் வி.எஃப்.ஓ. நிலையில்தான், அதாவது சேமித்த சேனலை விட்டு நாமே எண் போடும் நிலையில்தான், அலைவரிசையை நேரடியாகத் தட்ட முடியும். திரையோரம் சேனல் எண் தெரிந்தால், நீங்கள் தட்டுவதைச் செட் சேனல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். பழைய செட்களில் இன்னொன்றும் உண்டு. 136–174 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் இருந்துகொண்டு 446 என்று தட்டினால் ஏற்காது. முதலில் பேண்ட் பட்டனை அழுத்தி 400-க்கு மேலுள்ள வரிசைக்குப் போக வேண்டும். கீபேட் பூட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

போட்டது ஒன்று, காட்டுவது ஒன்று என்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்டெப் அமைப்புதான். செட் எல்லா எண்ணிலும் நிற்காது. ஏணிப்படி மாதிரி, குறிப்பிட்ட இடைவெளிகளில் மட்டுமே நிற்கும். ஐரோப்பாவில் 446 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் உரிமமில்லாமல் பேச அனுமதிக்கப்பட்ட முதல் சேனல் 446.00625 மெகாஹெர்ட்ஸ். ஸ்டெப் 6.25 கிலோஹெர்ட்ஸ் என்றிருந்தால் 446.006 என்று தட்டினாலே சரியான இடத்தில் போய் நிற்கும். அதுவே 5 என்றிருந்தால் 446.005-க்கு நகர்ந்துவிடும். 25 என்றிருந்தால் 446.000, அதாவது அரை சேனல் தள்ளி. அப்போது பேச்சு கரகரப்பாக, உடைந்து கேட்கும். உடனே ஆன்டெனா சரியில்லை என்று புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். அந்தச் செலவு வேண்டாம், முதலில் ஸ்டெப்பைப் பாருங்கள்.

கேட்கிறது, ஆனால் போகவில்லை என்பவர்களுக்கு: பேசும் பட்டனை அழுத்திக்கொண்டே திரையைப் பாருங்கள். எண் மாறுகிறதா? அப்படியானால், பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையத்துக்காகப் போட்ட ஆஃப்செட், அதாவது அனுப்பும் எண்ணைத் தள்ளிவைக்கும் அமைப்பு, இன்னும் உயிரோடு இருக்கிறது. நேரடியாகப் பேசும்போது அதை அணைத்துவிட வேண்டும். இரட்டைக் கண்காணிப்பு, அதாவது டி.டி.ஆர்., எனக்குப் பிடிக்காத வசதி. மேல் வரி, கீழ் வரி இரண்டையும் செட் மாறி மாறிக் கேட்கும்; கடைசியாக எந்த வரியில் சத்தம் வந்ததோ, உங்கள் பேச்சும் அதில் போய்விடலாம். அவசரத்தில் உதவி கேட்பவர் ஆளில்லாத அலைவரிசையில் கத்திக்கொண்டிருப்பார். குழுவாகப் பேசும் செட் எல்லாவற்றிலும் இதை அணைத்து வையுங்கள்.

எண் சரி, ஆனாலும் மௌனம் என்றால், மானிட்டர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அப்போது குரல் கேட்டால் அலைவரிசையில் குறையில்லை. பெறும் பக்கத்தில் டோன், அதாவது குறிப்பிட்ட ஒலிக்குறியோடு வரும் பேச்சை மட்டும் கேட்கவிடும் அமைப்பு, போட்டிருக்கும்; இல்லாவிட்டால் இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச் அளவு அதிகமாக இருக்கும்.

நிஜமான பழுதும் வரும். அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் பத்து லட்சத்தில் 2.5 பங்கு விலகினாலே, 446 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் தள்ளிப்போகும். அதை மெனுவில் திருத்த முடியாது, அளவிடும் கருவி வேண்டும். ஆனால் இரண்டு செட்டை ஒரே மேசையில் வைத்துச் சோதித்துவிட்டுப் பழுது என்று முடிவுகட்டாதீர்கள். அவ்வளவு அருகில் வரும் வலுவான சிக்னலில் மலிவு செட்டின் ரிசீவர் திணறிப்போகும். நன்றாகத் தள்ளி நின்று பேசிப் பாருங்கள்.

ரீசெட் கடைசி வழி. அதிலும் முதலில் வி.எஃப்.ஓ. ரீசெட் மட்டும் செய்யுங்கள். முழு ரீசெட் சேமித்த சேனல்களையும் அழித்துவிடும். அதற்கு முன் சிர்ப் (CHIRP) என்ற கணினி மென்பொருளில் அவற்றை நகல் எடுத்து வையுங்கள்.

அப்புறம், செட் ஓர் எண்ணை ஏற்கிறது என்பதற்காக அதில் பேச உரிமை வந்துவிடாது. கடலில் ஆபத்து அழைப்புக்கான 156.800 மெகாஹெர்ட்ஸும் இந்தச் செட்களின் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஓர் இலக்கம் தவறினால் உங்கள் "ஹலோ, ஹலோ" அங்கே போய் விழும். எனவே உங்களுக்கு அனுமதியுள்ள அலைவரிசையில், குறைந்த பவரில், யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதி செய்த பிறகே சோதியுங்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது. அனுப்பும் டிரான்சிஸ்டர் போய்விடக்கூடும்.